டப்ளினைத் தள்ளிப்போடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

எதிரில் உட்காரவைத்துப் பேசி உன்னிடம் நான் ஜெயித்ததே இல்லை. நான் ஒன்று சொன்னால் நீ அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நான் சொல்லாததற்கும் சேர்த்துப் பதில் சொல்லி வாயை அடைத்துவிடுவாய். எனக்கோ கோபம் வந்தால் குரல் வாசலைத் தாண்டிவிடும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. இந்தத் தெருவில் உனக்குப் பின்னால் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பப்போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறைக்க இதில் ஒன்றும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். டப்ளினில் உனக்குக் கிடைத்திருக்கிற பிசினஸ் மாஸ்டர்ஸ் சீட்டை ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லி மெயில் போடப்போவதாக, சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அடுப்படியில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அப்பாவுக்குத் தோள் சரியாகட்டும், கல்யாணப் புடவை ஆர்டர் கையில் இருக்கிறது, நான் இல்லாவிட்டால் தறி நின்றுவிடும், அடுத்த வருஷம் போய்க்கொள்கிறேன் என்று காரணமும் அடுக்கியிருக்கிறாய். என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாயாம். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் உன் அம்மாவை நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீ குளிக்கப் போன நேரத்துக்குள் எல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது.

விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். குளிருக்குக் கோட்டு வாங்கத்தான் நீ சென்னைக்கே போயிருக்கிறாய். கோட்டு வாங்கிக்கொண்டே அந்த மெயிலையும் யோசித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முதலில் கேட்டபோது எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பெற்ற பெண் நமக்காக இப்படியெல்லாம் யோசிக்கிறதே என்று கண் கலங்கியது. இரண்டும் உண்மைதான். ஆனால் கண் கலங்கியதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பணத்தைப் பற்றி இதில் ஒரு வரியும் எழுதமாட்டேன். அதை நீயும் நானும் பேங்குக்காரரோடு உட்கார்ந்து பேசி முடித்தாயிற்று. மிச்சம் இருப்பது நீ போவதா வேண்டாமா என்பது ஒன்றுதான்.

இந்தப் பயணத்தில் உன்னைவிட நான்தான் குஷியாக இருக்கிறேன் என்பது தெருவுக்கே தெரியும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனில் டப்ளினில் மழையா வெயிலா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் மழைதான். டீக்கடையில் நம்ம ஊர் வெயிலைப் பற்றி யாராவது புலம்பினால், 'அங்கே இன்றைக்குத் தூறல், காற்று வேறு பலமாம்' என்று சொல்லிவிட்டு வருகிறேன், ஏதோ நான்தான் அங்கே குடித்தனம் நடத்துகிற மாதிரி. அந்த ஊரில் படிக்கிற தமிழ்ப் பையன் ஒருவன் போடுகிற வீடியோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். டிராமில் எப்படி ஏற வேண்டும், கறிவேப்பிலை எந்தக் கடையில் கிடைக்கும், ஆற்றுக்கு எந்தப் பக்கம் அறை எடுத்தால் கல்லூரிக்கு நடந்தே போகலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. போன வாரம் வேலூரிலிருந்து முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம், அந்த நாட்டுக்காரர்களும் நம்மைப்போலப் பால் ஊற்றித்தான் டீ குடிப்பார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் கேட்டது முந்தியில் மயில் வருமா என்று. உன் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் வலிக்கிறது.

இப்படிப்பட்டவனிடம் ஒரு வருஷம் பொறு என்கிறாயே. அந்த சீட்டு எப்படி வந்தது என்று நீ மறந்திருக்கலாம், நான் மறக்கமாட்டேன். செத்துப் பிழைத்தவன் நான்.

அந்த இன்டர்வியூ நாளைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேச வேண்டும் என்று கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. முன்கூட்டியே உன் சிநேகிதியை வைத்து ஒத்திகை பார்த்தபோது, ஏதாவது மில்லுக்குள் உட்கார்ந்து பேசுகிறாயா என்று அவள் கேட்டாள். நம் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை சத்தம் ஓயாது. நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை. நீ கதவைச் சாத்திப் பார்த்தாய், ஜன்னலில் போர்வை கட்டிப் பார்த்தாய், ஒன்றும் நடக்கவில்லை. உன் முகம் வாடிப்போனதைப் பார்த்துவிட்டு நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வீடு வீடாகப் போய், பாப்பாவுக்கு இன்டர்வியூ இருக்கிறது, மத்தியானம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவையுங்கள் என்று கேட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவசர வேலையில் இருந்தவர்கள்கூடச் சரி என்றார்கள். திரும்பி வரும்போது நான் எம்.எல்.ஏ. மாதிரி நடந்து வந்தேன்.

உன் அம்மா மட்டும் ஆகாது என்றாள். உனக்குத் தெரிந்ததுதான், வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதுகிறேன். நம் தெருவில் தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்பது அமாவாசையன்று. அது நமக்கு லீவு. அமாவாசை இல்லாத நாளில் தெரு அமைதியாக இருந்தால், அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிணத்தை எடுக்கிற வரை யாரும் தறியில் கை வைக்கமாட்டார்கள். உன் அம்மா அதைத்தான் சொன்னாள். நல்ல காரியத்துக்குப் போய் இப்படி நிறுத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். நீ ஒன்று, இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று அவளை அடக்கிவிட்டேன். அடக்கியதோடு விட்டேனா? மணி அடித்துத் தொலைக்கப்போகிறது என்று என் போன், அவள் போன் இரண்டையும் அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு இடது தோளில் வலி வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வந்திருந்தோம். நெஞ்சில் ஒன்றும் இல்லை, தோள்மூட்டுதான் இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஈ.சி.ஜி. எடுத்தார்கள் என்பது மட்டும் உன் அம்மா பிறந்த முசரவாக்கம் வரை போய்விட்டது. தோள்மூட்டு என்பது போகவில்லை. உன் அம்மாவின் தம்பி, அதாவது உன் மாமா, அன்றைக்குப் பார்த்துச் சிமெண்ட் வாங்க டவுனுக்கு வந்தான். நம் தெருமுனையில் வண்டியைத் திருப்பினான். தெரு கப்சிப். அமாவாசையும் இல்லை. எனக்குப் போன் போட்டான், அணைந்திருந்தது. அக்காவுக்குப் போட்டான், அதுவும் அணைந்திருந்தது. நம் வீட்டு வாசலில் மட்டும் சேர் போட்டு, வேலையை நிறுத்திய அக்கம்பக்கத்து ஆட்கள் என்னை மறைத்துக்கொண்டு நிற்பது அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. வேறென்ன நினைப்பான்? நேராகப் போய் ஆளுயர மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, போகிற வருகிற சைக்கிளையெல்லாம் வாயில் விரல் வைத்து மிரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நீ இங்கிலீஷில் பேசுகிற சத்தம் மெல்லக் கேட்டது. புரியாவிட்டாலும் தங்குதடை இல்லாமல் போகிறது என்று தெரிந்தது, நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் தெருமுனையிலிருந்து, "என்ன வுட்டுட்டுப் பூட்டியே மாமா" என்று ஒரு குரல் கிளம்பியது. மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி ஓடிவருகிறான். பின்னால் அடுத்த தெரு ஜனம் வேறு சேர்ந்துவிட்டது. நான் எழுந்து, கத்தாதே கத்தாதே என்று கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, நீ உயிரோட இருக்குறியா?"

"இருக்கேன்டா. மெதுவா பேசு, பாப்பா இன்டர்வியூல இருக்குது."

அதற்கப்புறம் அவன் அழுத அழுகைதான் பெரிது. நான் செத்ததற்கு அழுததைவிட இருப்பதற்கு அதிகமாக அழுதான். மனசுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் காதெல்லாம் உன் அறைப்பக்கம். உள்ளே பேச்சு நின்றுவிட்டது. தொலைந்தது, பெண்ணின் சீட்டை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என்ன கலவரம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இன்டர்வியூ எடுத்த அம்மாள் கேட்டாராம். நீ மறைக்கவில்லை. எனக்காக என் தெரு வேலையை நிறுத்தியிருக்கிறது, இங்கே வேலை நின்றால் சாவு என்று அர்த்தம், என் அப்பா இறந்துவிட்டார் என்று மாமா மாலையோடு வந்துவிட்டார், அப்பா இப்போது வாசலில் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாய். பிறகு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது பார், அதை நான் வாசலிலிருந்து கேட்டேன். அதற்கப்புறம் நீ மனப்பாடம் பண்ணிவைத்திருந்த எதையும் அவர்கள் கேட்கவில்லையாம். ஒரு தெரு முழுக்க எப்படிச் சம்மதித்தது, யார் போய்ப் பேசியது, வேலை கெட்டவர்களுக்கு நீ என்ன செய்வாய் என்று அதையே தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார்கள். நீயும் கூச்சம் போய்ப் பேசினாய். சீட்டு வந்துவிட்டது.

அந்த மாலையை வீட்டுக்குள் கொண்டுவர உன் அம்மா விடவில்லை. உன் மாமாவும் எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கடைசியில் ஒரு மாடு வந்து பிரச்சினையைத் தீர்த்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், டப்ளினில் உனக்குப் பயன்படும். பளபளப்பாக ஒரு பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு போனாய், உனக்கு வேலை செய்தது நடந்ததைச் சொன்னதுதான். அங்கே உன் வகுப்பில் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, நாம் வந்த இடம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லையே என்று நினைத்துவிடாதே. அதே சமயம், எதற்கெடுத்தாலும் எங்கள் ஊரில், எங்கள் தறியில் என்று ஆரம்பித்து அவர்களை அறுக்கவும் செய்யாதே. அந்த வியாதி உன் அப்பனோடு போகட்டும்.

நீ வியாபாரம் படிக்க வேண்டியவள் என்பது எனக்கு இன்டர்வியூவுக்கு வெகுகாலம் முன்பே தெரியும். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வைகாசி கருடசேவைக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. செருப்பை எங்கே விடுவது என்று ஜனம் தவிப்பதைப் பார்த்துவிட்டு, நீ தெருமுனையில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்துவிட்டாய். தறியில் மிஞ்சிய பட்டுநூல் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தாய் அல்லவா, அதை எடுத்து ஒவ்வொரு ஜோடிச் செருப்புக்கும் ஒரு கலரைக் கட்டி, அதே கலரில் ஒரு துண்டை அவர்கள் கையில் கட்டி அனுப்பினாய். டோக்கன் அச்சடிக்க வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பிரச்சினை இல்லை. அந்த வயசில் அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. இந்த வயசிலும் வராது.

ஆனால் சாமி பார்த்துவிட்டு ஜனம் திரும்பியபோது ரகளையாகிவிட்டது. நீ அரக்கு ஒருவருக்கு, குங்குமச் சிவப்பு ஒருவருக்கு, மாதுளை ஒருவருக்கு, தக்காளி ஒருவருக்கு என்று கொடுத்திருந்தாய். பிறந்ததிலிருந்து பட்டு பார்க்கிற கண்ணுக்கு அது நாலும் நாலு கலர். வந்தவர்களுக்கு நாலும் சிவப்பு. ஆளாளுக்கு எடுத்து மாட்டிக்கொண்டு நடக்க, தென்னேரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் யாருடையதோவுமாகப் பாதி தெரு போய்விட்டார். நான் வந்து பார்த்தபோது நீ நூல் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய்.

"அவங்களுக்குக் கண்ணே தெரிலபா. அரக்கு எது, மாதுளை எதுன்னு கூட தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் நீ இன்னும் அழுவாய் என்று திரும்பிக்கொண்டேன். அவர்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குத் தெரிவது எல்லாருக்கும் தெரியும் என்று நீதான் நினைத்துவிட்டாய் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் உற்சவத்துக்கு நீ என்ன செய்தாய் தெரியுமா? பச்சையோடு மஞ்சள், நீலத்தோடு வெள்ளை என்று இரண்டு இரண்டாக முறுக்கிக் கொண்டுபோய் உட்கார்ந்தாய். ஒரு செருப்பு மாறவில்லை. நானும் உன் அம்மாவும் சண்டை போட்டுவிட்டு உடனே தறியில் உட்காருகிற நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவளாயிற்றே, அழுது முடித்ததும் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். டப்ளினில் பல நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்றாய். நமக்கு நாலாகத் தெரிவது அவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். அவர்களுக்கு நாலாகத் தெரிவது நமக்கு ஒன்றாகத் தெரியும். நீ அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல், புரியவில்லை என்று வாய் விட்டுக் கேள். கேட்பதற்கு வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டு, அறைக்கு வந்து அழாதே.

சரி, தோள் விஷயத்துக்கு வருகிறேன், அதைத்தானே நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். நாம் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு கலர், கரை வேறு கலர், இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்காருகிறவர் காலால் மிதித்து, உடலுக்கு நூல் சுற்றிய நாடாவை எறிந்து, இழை நெருங்கப் பலகையை இழுத்து அடிப்பார். பக்கத்தில் உட்காருகிறவர் கரைக்கு நாடா எறிவார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் சும்மா உட்கார வேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் நடுவில், உன் அம்மா கரையில். பலகையை இழுக்க என் தோள் வராமல் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த நீ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு உன் அடி சரியாக விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சரியாகத்தான் விழுந்தது. ஒரு தப்பாவது பண்ணக்கூடாதா என்று இருந்தது.

நீ இல்லாவிட்டால் தறி நின்றுவிடும் என்று நீ நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ சென்னைக்குப் பஸ் ஏறிய அன்று, நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"நான் நடுவுல உக்கார்றேன். நீங்க கரைக்கு வாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தெருவில் எந்த வீட்டில் பெண்டாட்டி நடுவில் உட்கார்ந்து புருஷன் கரை எறிகிறான்? கரைப்பக்கம் என்பது பழகுகிறவர்களும் பெண்களும் உட்காருகிற இடம். அதில் நான் போய் உட்கார்ந்தால் டீக்கடையில் என்னை வைத்துச் செய்துவிடமாட்டார்களா? கத்திவிட்டு டீக்கடைக்கே போனேன். டீ ஆறிப்போகிற வரை குடிக்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கையை மேலே தூக்கி இழுக்கக்கூடாது, கீழே ஆட்டலாம், ஆட்டினால் நல்லதுதான் என்றார். கரை எறிய அவ்வளவுதான் வேண்டும். ஒரு பக்கம் என் வீம்பு, இன்னொரு பக்கம் எங்கேயோ ஒரு அறையில் நீ அந்த மெயிலை அனுப்ப விரலை வைத்துக்கொண்டிருப்பது. யோசிக்க வேண்டியதே இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். வந்து கரைப்பக்கம் உட்கார்ந்தேன். அவளும் நடுவில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் சிரிப்பாய்ச் சிரித்தது. நடுவில் உட்கார்ந்தே பழகியவன் அல்லவா, அவள் மிதிப்பதற்கு முன்னால் நான் எறிந்துவிடுவேன். கரை ஒரு பக்கம் போகும், உடல் ஒரு பக்கம் போகும். பிரித்துப் பிரித்து நெய்தோம். "கையப் பாருங்க, வேடிக்க பாக்காதீங்க" என்று அதட்டினாள். வருஷக்கணக்காக நான் அவளை அதட்டிய அதே வார்த்தை. வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணிக்கு அசிஸ்டென்டா என்று கேட்டார். ஆமாம், சம்பளம் இல்லை, மூன்று வேளை சாப்பாடு மட்டும் என்றேன். அவ்வளவுதான், அதற்குமேல் அவருக்குக் கேலி பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கா அன்று மத்தியானம் டீயை ஆறவைத்தோம் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது. இன்றைக்கு, சொன்னால் நம்பமாட்டாய், ஓடுகிறது. உன் அம்மாவின் அடி என் அடியைவிட நெருக்கமாக விழுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்பாதே, ஆனால் ரொம்ப வருத்தமும் இல்லை. நடுவில் இருப்பவன் எதிரே நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை மட்டும் பார்த்தால் போதும். கரையில் இருப்பவன் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போது மிதிப்பாள், எப்போது எறியலாம் என்று. அப்படி இந்த மூன்று நாளாக நான் உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெய்யும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சரியாக வந்துவிட்டால் கொஞ்சமாகத் தலையை ஆட்டிக்கொள்கிறாள். இது எனக்குத் தெரியாது, பாப்பா. எனக்கு இப்போது ரொம்பப் பிடித்திருக்கிறது. இந்த வயசில் இப்படி எழுதுகிறேனே என்று நீ முகத்தைச் சுளிப்பாய், சுளித்துக்கொள்.

அதனால் எங்களைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளாதே. போன இடத்தில் நன்றாகச் சாப்பிடு. தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்காதே. பகுதிநேர வேலை கிடைத்தால் எந்த வேலையாக இருந்தாலும் செய், ஆனால் அதற்காக வகுப்பை விட்டுவிடாதே. மார்க் குறைந்தால் எனக்குச் சொல், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். ரகசியத்தை யார் காப்பார்கள் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். தினமும் போன் பண்ண வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் தினமும் பண்ணினால் நீ எடுக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. படித்து முடித்துத் திரும்பி வருவாயா, அங்கேயே வேலை பார்ப்பாயா என்று யாராவது கேட்டால் தெரியவில்லை என்று சொல். உனக்கே தெரியாததை எங்களுக்காக இப்போதே முடிவு பண்ணாதே. நானும் அதைக் கேட்கமாட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றும், கேட்கமாட்டேன்.

கடிதத்தை முடிக்கட்டுமா, உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ரெண்டு எடமும் ரொம்பிடுச்சுன்னு எழுதுங்க. இனிமே அவ வந்தா நிக்கத்தான் எடம் இருக்குது."

எழுதிவிட்டேன். சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதையும் எழுதிவிடுகிறேன். பக்கத்திலிருந்து பார்க்கிறேன் அல்லவா, எனக்குத் தெரிகிறது.

இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பப்போகிறேன். இழையைப் பிணைத்து முடித்துவிட்டாள், கால் மிதியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். நான் போய் உட்காருகிறேன். நீ கிளம்பு.

உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும்,
அப்பா